கத்தி பட்டவளுக்குச் சொல்ல வேண்டாமா?

உயிரைக் காப்பாற்றியவர், காப்பாற்றப்பட்டவளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா? ‘உசுரு பொழச்சுதில்ல, அப்புறம் என்னடி கேள்வி?’ என்பதுதான் நம் தெருக்களில் இதற்குப் பழகிப்போன பதில். டாக்டர் அதைச் சொல்கிறார். மாமியார் சொல்கிறாள். புருஷன் சொல்கிறான். பெற்றவளும் அதையே சொல்லப் பழகிவிட்டாள். இந்தப் பதில் போதாது என்று நான் நினைக்கிறேன். ஏன் போதாது என்பதை, வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த ஒரு பெண் அடுத்து உண்டாகும்போது அவளுக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது ஆஸ்பத்திரிக்கு எதிரான கட்டுரை அல்ல. ‘அந்தக் காலத்துப் பொம்பளைங்க களை எடுத்துக்கிட்டே வரப்புல பெத்துப் போட்டாங்க’ என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரப்பில் பெற்றவர்கள் நம் பாட்டிகள். அப்படிப் பெற்றதில் செத்தவர்களும் அவர்கள்தான். குறுக்கே கிடந்த பிள்ளைக்கும் நிற்காத ரத்தத்துக்கும் அன்றைக்கு வழியில்லை. வண்டி கட்டித் தர ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் கிடையாது. அரசு ஆஸ்பத்திரி நம் தெருப் பெண்களுக்கு எட்டியது நமக்கு ஒரு வெற்றி. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க விடக்கூடாது. ஆனால் கதவு திறந்துவிட்டதாலேயே உள்ளே மரியாதை கிடைத்துவிட்டது என்று ஆகாது. பள்ளிக்கூடக் கதவு திறந்தபோதே இதை நாம் பார்த்தவர்கள்.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 44.9 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில் 63.8, அரசு ஆஸ்பத்திரியில் 36. இதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் மொத்தமே 34.1 தான். பீகாரின் அரசு ஆஸ்பத்திரிகளிலோ வெறும் 3.6. ஒரு நாட்டின் மொத்தப் பிரசவங்களில் ஆபரேஷன் 10 சதவீதம் வரை உயரும்போது தாய்-சேய் சாவு குறைகிறது, அதற்கு மேலே உயர்வதால் சாவு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அங்கே தேவைப்பட்டவளுக்கே கத்தி கிடைக்கவில்லை. இங்கே தேவையா என்று கேட்பதற்கு முன்னால் கத்தி வந்து நிற்கிறது. இரண்டு இடத்திலும் முடிவு எடுக்கும் பேச்சில் அவள் இல்லை.

ஒரு ஆபரேஷன் ஒரு பிள்ளையோடு முடிந்துபோகிற சங்கதி அல்ல. 1916-ல் அமெரிக்க மருத்துவர் எட்வின் கிராகின், ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதினார். அவர் அதை ஒரு எச்சரிக்கையாகச் சொன்னார். முதல் ஆபரேஷனை லேசாகச் செய்துவிடாதீர்கள், அது பின்னால் வரும் பிரசவங்களையும் கட்டிப்போடும் என்பது அதன் பொருள். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் சட்டமாக்கிக்கொண்டார்கள். அன்றைக்குக் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அப்படி ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ள பெண், வேறு தடை எதுவும் இல்லாமல், உடனே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரியில் வலி எடுத்துப் பெற முயன்றால், நூற்றில் எழுபது பேருக்கு மேல் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தையல் பிரிந்து கர்ப்பப்பை கிழிகிற ஆபத்து ஏறக்குறைய 200-ல் ஒருவருக்கு. நெடுக்கு வெட்டாக இருந்தால் அந்த ஆபத்து பல மடங்கு. அவளை வலிக்கு விடக்கூடாது.

மறுபடி மறுபடி ஆபரேஷன் செய்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை அல்ல. பழைய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி போய் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளை வந்த பிறகும் அது பிரிந்து வராது, ரத்தம் நிற்காது, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். நஞ்சுக்கொடி இறங்கி வாயை அடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டாவது ஆபரேஷனுக்கு வந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கும், மூன்றாவதில் 40 பேருக்கும், நான்காவதில் 61 பேருக்கும் இப்படி ஒட்டியிருந்ததாகக் கண்டது. இதோடு நம் நிலைமையைச் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. இருக்கிற ரத்தமே குறைச்சல். அதில் எவ்வளவு கொட்டத் தாங்கும்?

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதுதான் என்னை எழுத வைத்தது. வெளித் தழும்பைப் பார்த்து உள்தழும்பைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்காக வெட்டியிருக்கலாம், உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம். அடுத்த பிரசவத்தில் அவள் உயிர் எதைப் பொறுத்ததோ அது அவள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவள் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர் அன்றைக்குக் கத்தி பிடித்தவர் ஒருவர்தான். அவர் எழுதி வைத்தால் உண்டு, வாய் திறந்து சொன்னால் உண்டு. சொல்லாமல் விட்டால், தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாத ஒருத்தியாக அவள் வீட்டுக்குப் போகிறாள்.

நானும் அப்படிப் போனவள்தான். முதல் பிள்ளை ஒரு மாவட்டத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தது. ராத்திரி பூராவும் வலி. விடியற்காலையில் ‘ஆபரேஷன் பண்ணணும்’ என்று நர்ஸ் வெளியே போய்ச் சொன்னார், என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரரும் மாமனாரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமனாருக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. நான் பி.ஏ. படித்தவள். ஐந்தாம் நாள் வாங்கிய டிஸ்சார்ஜ் சீட்டில் எல்.எஸ்.சி.எஸ். என்று இங்கிலீஷில் நாலு எழுத்து. எதற்காக என்ற இடத்தில் ஒரு கோடு. ‘எதுக்கும்மா ஆபரேஷன் பண்ணீங்க?’ என்று கேட்டதற்கு, ‘புள்ள நல்லாருக்குல்ல, எடுத்துக்கிட்டு கெளம்பு’ என்றார்கள்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது. இது வேறு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா முதல் கேள்வியாக, ‘போன தடவை எதுக்குப் பண்ணாங்க?’ என்றார். தெரியாது என்றேன். ‘படிச்ச பொண்ணுதானே, இதுகூடக் கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டியா?’ என்று திட்டிவிட்டு, ரிஸ்க் எடுக்க முடியாது என்று தேதி குறித்தார். முதல் இடத்தில் கேட்டதற்குத் திட்டு, இரண்டாவது இடத்தில் தெரியாததற்குத் திட்டு. மேஜையில் படுக்க வைத்து, முதுகில் ஊசி போட்டு, வயிற்றைத் திறந்த பிறகு, மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: ‘ரெண்டும் பொறந்தாச்சு, அப்படியே கட்டிடலாமா?’ வெளியே என் வீட்டுக்காரர் அதற்கும் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் ‘ம்’ என்றேன்.

அந்த ‘ம்’ சம்மதமா?

மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. உட்கார வைத்துப் பேசியிருந்தால் நானே சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கோபம் கலக்காமல் கேட்க முடிகிறது: நாம் விரும்பியதே நடந்தாலும், நம்மைக் கேட்காமல் நடந்தால் அது என்ன? நஷ்டம் எதுவும் இல்லையே, அப்புறம் எங்கிருந்து அநியாயம் வந்தது என்று தோழர் ஒருவரே என்னிடம் வாதாடினார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: கோயிலுக்குப் போக ஆசையே இல்லாத ஒருவன் முகத்தில் கோயில் கதவைச் சாத்தினால் அது தீண்டாமையா, இல்லையா? 1927-ல் மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்துக்கு மக்களைக் கூட்டிப்போனது தாகத்துக்காக அல்ல. அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துப்போவோம் என்பதாலும் அல்ல. நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்ட. கிடைக்கிற பொருள் வேறு, அது கிடைக்கும் விதத்தில் நம்மை யாராக நடத்துகிறார்கள் என்பது வேறு. இந்த வித்தியாசத்தை உலகுக்குச் சொன்ன அரசியல் நம்முடையது. பிரசவ அறை வாசலில் மட்டும் அதை ஏன் கழற்றி வைக்கிறோம்?

சட்டம் இந்த விஷயத்தில் நம் பழக்கத்தைவிட முன்னால் போய்விட்டது. ஒரு பெண்ணைப் பரிசோதனைக்காக மயக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்ட வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சமீரா கோலி வழக்கு என்று பெயர். வயது வந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்குப் பதிலாக அவள் தாய் தரும் சம்மதம் செல்லாது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டுமே விலக்கு. பெற்ற தாயின் சம்மதமே செல்லாதென்றால் மாமனாரின் கைநாட்டு எப்படிச் செல்லும்? குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் புருஷன் ஒப்புதல் தேவையில்லை, மயக்க மருந்தின் பிடியில் இருப்பவளிடம் ஒப்புதல் வாங்கக்கூடாது என்று அரசின் வழிகாட்டி நூலே சொல்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவும் எழுத்தில் இருக்கிறது.

ஏன் சொல்வதில்லை என்று கேட்டால் வரும் பதில் ஒன்று: ‘சொன்னா பயந்துடுவாங்க. இவங்களுக்கு என்ன புரியும்?’ இந்தப் பதிலின் வயசு எனக்குத் தெரியும். இவர்களுக்கு எழுத்து எதற்கு, படித்தால் கெட்டுப்போவார்கள் என்று சொன்ன அதே வாய்தான் இது. வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். வட்டிக்கு எவ்வளவு, முதல் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சங்கத்தில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிற பெண்ணுக்கு, ‘உன் கர்ப்பப்பையில கீழ குறுக்கால வெட்டியிருக்கோம், ரெண்டு வருஷத்துக்கு உண்டாகாம பாத்துக்கோ, அடுத்த தடவை ஸ்கேன்ல நஞ்சுக்கொடி எங்க இருக்குன்னு கட்டாயம் பார்க்கச் சொல்லு’ என்பது புரியாதா? சொல்லிப் பார்த்தவர் எத்தனை பேர்?

தீட்டைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். பிள்ளைப்பேற்று ரத்தம் தீட்டு என்று சொல்லித்தான் தொப்புள்கொடி அறுக்கும் வேலையை நாவிதர் வீட்டுப் பெண்ணிடமும் நம் வீட்டுப் பெண்ணிடமும் தள்ளினார்கள். கூலி, ஒரு படி நெல்லும் பழைய சேலையும். அதே வேலை தியேட்டருக்குள் போனதும் பட்டமும் கௌரவமும் வந்தது. ரத்தத்தின் தீட்டு மட்டும் போகவில்லை. கத்தி பிடிக்கிற கை மாறியது, தரையில் கொட்டிய ரத்தத்தைத் துடைக்கிற கை மாறவில்லை. பெரிய டாக்டர், சின்ன டாக்டர், நர்ஸ், ஆயா, துப்புரவுத் தொழிலாளி, கடைசியில் கால் விரித்துக் கிடக்கிற நோயாளி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நான் புத்தகத்தில் படித்தேன். பிரசவ வார்டில் பார்த்தேன். ‘கத்தாத, படுக்கும்போது இனிச்சுதா’ என்று ஏசுகிற ஆயாவும் பல நேரம் நம் தெருக்காரிதான். ஏணியில் தனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்பதைத் தவிர அவளுக்கு அங்கே வேறு அதிகாரம் இல்லை. இந்த ஏச்சுக்குப் பயந்து, ‘கத்தியே வச்சிடுங்கம்மா’ என்று தானே கேட்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதையும் ‘அவள் விருப்பம்’ என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அடிக்குப் பயந்து எடுத்த முடிவு விருப்பம் ஆகுமா?

அமெரிக்காவில் இதே சங்கதி எண்ணாக மாறியது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட 2007-ல் ஒரு சூத்திரம் உருவாக்கினார்கள். வயசு, எடை, உயரம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும், கறுப்பினப் பெண் அல்லது ஹிஸ்பானியப் பெண் என்று குறித்தால் வாய்ப்பு குறைந்துவிடும். வாய்ப்பு குறைவு என்று எண் சொன்னால் டாக்டர் முயற்சிக்கவே விடமாட்டார், கத்திதான். அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரிகளில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதும் பழைய புள்ளிவிவரத்தில் படிந்திருந்தது. அதை அவர்கள் உடம்பின் குணமாக்கி, மறுபடி அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். கேள்விகள் எழுந்தன, 2021-ல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. நம் ஊரில் சாதிக்கு அப்படி ஒரு கட்டம் தேவைப்படவில்லை. ‘உங்க ஆளுங்களுக்கு வலி தாங்கும்’ என்று ஒருவர் சொல்வார். ‘இதுங்க ஒத்துழைக்காதுங்க, எடுத்துடு’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் ஒரே பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் பார்த்தே முடிவுகட்டுவது என்றால், அதற்குப் பெயர் என்ன?

அரசின் கணக்கையும் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018-லிருந்து 18,000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் பொதுவாக முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். தழும்பின் ஆபத்து ஏறுவதோ மூன்றாவதில். அரசுக்குக் கணக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கை. அவளுக்குக் கணக்கு உடம்பு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.1 சதவீதம். ஏற்கனவே ஒரு தடவை கிழிபட்ட வயிற்றில்தான் மறுபடியும் கை வைக்கிறோம், கத்தியே படாத ஆண் உடம்பு பத்திரமாக இருக்கிறது. கர்ப்பத்தடையை நாட்டின் வறுமைக்காகவோ பெண்ணின் உடல்நலத்துக்காகவோ மட்டும் ஆதரிப்பவர்களிடமிருந்து விலகி நின்று, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் பெரியார். கருத்தடை குறித்த தீர்மானத்தை அம்பேத்கரின் கட்சி 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. அவர்கள் பேசியது பெண் எடுக்கும் முடிவைப் பற்றி. மேஜையில் வைத்து வாங்கப்படும் ‘ம்’-ஐப் பற்றி அல்ல.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே ராத்திரியில் பத்துப் பதினைந்து பிரசவம் பார்க்கிற இளம் டாக்டரிடம் உட்கார்ந்து விளக்கு என்றால் எப்போது விளக்குவார்? வலிக்கு விட்டு ஏதாவது ஆனால் அடி வாங்குவதும் அவர்தான். ரத்தம் பீறிடும்போது சம்மதப் படிவத்தை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் கேட்க முடியாது, சரி. ஆனால் அவசரம் முடிந்த பிறகு? ஐந்து நாள் அவள் அந்தக் கட்டிலில்தானே கிடந்தாள்? கேட்க முடியாமல் போன இடத்தில் சொல்லும் கடமை இரண்டு மடங்காகிறது என்பதுதான் என் வாதம். உயிரைக் காப்பாற்றியது அந்தக் கடனைத் தீர்ப்பதில்லை, தொடங்கி வைக்கிறது. ஏனென்றால் காப்பாற்றிய விதம் அவளுடைய அடுத்த கர்ப்பத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவள் தன் உடம்போடு வாழப்போகிறவள். டாக்டர் அடுத்த கேஸுக்குப் போகிறவர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் தமிழில் நாலு வரி: எதற்காக ஆபரேஷன், கர்ப்பப்பையில் எங்கே எப்படி வெட்டினோம், அதில் என்ன சிக்கல் வந்தது, அடுத்த பிரசவத்துக்கு வலி எடுத்துப் பார்க்கலாமா கூடாதா. அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள். கருத்தடை பற்றிய பேச்சு கர்ப்பக் காலத்திலேயே, அவளிடமே, புருஷன் இல்லாமலும் ஒரு தடவை. மறுபடி உண்டானவளுக்கு, தழும்பு இருக்கும் இடத்தில் விடாத வலியோ ரத்தப்போக்கோ வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்காமல் ரத்தமும் தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வண்டி. மூன்றாவது பிரசவம் என்பதற்காக உதவியை நிறுத்தாத சட்டம்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றுக்கும் மனு எழுதத் தெரிந்த நாம், நம் வீட்டுப் பெண்ணின் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு தடவை வாங்கிப் படித்திருக்கிறோமா? ‘பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று அதை ஒதுக்கி வைப்பதும் ஒருவகைத் தீட்டுப் பார்ப்பதுதான். ஆஸ்பத்திரி வாசலில் காகிதத்தை நீட்டினால் பேனாவை எடுப்பதற்கு முன் இதைச் சொல்லுங்கள்: ‘அவளுக்கு நினைவு இருக்கு. அவகிட்டச் சொல்லுங்க. அவ போடட்டும்.’